கவனத்துக்கு வராத இதயம்

ஒரு நோயின் வரலாற்றைப் படிக்கும்போது, அந்நோயை மருத்துவர்கள் எந்த வயதில் தேடினார்கள், எந்த உறுப்பில் தேடினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேடிய இடத்தில் கிடைத்தவை நூலேறின. தேடாத இடத்தில் இருந்தவை நெடுங்காலம் பெயரின்றிக் கிடந்தன. மூளை முடக்குவாதம் என்னும் நிலையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் அதனைக் குழந்தையிடம் கண்டனர். அக்குழந்தையின் கால்களிலும் கைகளிலும் கண்டனர். அதே குழந்தை வளர்ந்து நாற்பது வயதை எட்டும்போது அதன் இதயம் எந்நிலையில் இருக்கும் என்ற வினா மிக அண்மைக் காலத்திலேதான் எழுந்தது. அவ்வினா ஏன் இத்தனை காலம் எழவில்லை, பிறகு எவ்வாறு எழுந்தது என்பதைக் காண்போம்.

முதலில் அந்நிலை யாதெனத் தெளிந்துகொள்வது நலம். கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ, வளர்ந்துவரும் மூளைக்கு ஊறு நேர்வதுண்டு. அதன் விளைவாகத் தசைகள் விறைக்கலாம். கைகால்கள் நினையாமல் அசையலாம். உடலின் சமநிலை குன்றலாம். இதுவே மூளை முடக்குவாதம். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. மூளையில் நேர்ந்த ஊறு நாளடைவில் பெருகுவதும் இல்லை. ஆனால் அவ்வூறு தசைக்கும் எலும்புக்கும் தரும் தொல்லை வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இருவருக்கு இந்நிலை அமைகிறது. அவர்களிற் சிலர் சற்றே சாய்ந்து நடப்பர். சிலர் சக்கர நாற்காலியிலேயே வாழ்வர். பேச்சு தடைப்படுவதைக் கண்டு அறிவும் தடைப்பட்டது என எண்ணுவோர் உண்டு. அது பெரும்பிழை. அறிவிற் சிறந்த பலர் அவர்களிடையே உள்ளனர்.

இந்நிலையை மருத்துவ உலகிற்கு முதன்முதல் விளங்க எடுத்துரைத்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவரான வில்லியம் ஜான் லிட்டில் என்பார். இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் தம் பாதம் கோணியவர் அவர். செர்மனி நாட்டுக்குச் சென்று அறுவை மருத்துவத்தால் அக்கோணலை நீக்கிக்கொண்டு, தம்மைப் போன்றார்க்கு உதவுவதையே தொழிலாகக் கொண்டார். 1843ஆம் ஆண்டில் உடற்கோணல்கள் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் அச்சேறின. பின்னர் 1861இல் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் கழகத்தில் அவர் படித்த கட்டுரை, கடினமான பிறப்புக்கும் குழந்தையின் தசை விறைப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அதனால் இந்நிலைக்கு ‘லிட்டிலின் நோய்’ என்றே நெடுநாள் பெயர் வழங்கிற்று.

அவருக்குப் பின் வந்த இருவரும் பெரும்புகழ் படைத்தவர்கள். வில்லியம் ஆஸ்லர் 1889இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனநூல் அறிஞர் எனப் பின்னாளில் உலகம் போற்றிய சிக்மண்டு பிராய்டு, தொடக்கத்தில் நரம்பியல் மருத்துவர். அவர் 1897இல் விரிவான ஒரு நூலை வெளியிட்டார். கடினமான பிறப்பு எப்போதும் காரணமாகாது, கருவிலேயே ஏற்பட்ட குறையின் அடையாளமாகவும் அஃது இருக்கலாம் என்று பிராய்டு கூறியது கூர்மையான கருத்து. இவ்விரு நூல்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆஸ்லரின் நூற்பெயரில் ‘குழந்தைகள்’ என்ற சொல் இருந்தது. பிராய்டின் நூற்பெயரிலும் குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் சொல்லே இருந்தது. அக்காலத்தில் குழந்தைகள் பலர் தொற்றுநோய்களுக்கு இரையாயினர். மூளை முடக்குவாதம் உடைய குழந்தை முதுமை காணும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காட்சி மாறத் தொடங்கியது. அமெரிக்காவில், தாமே மூளை முடக்குவாதத்துடன் பிறந்து, கற்று, மருத்துவரான ஏர்ல் கார்ல்சன் 1941இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் பெற்றோர் சிலர் 1952இல் ஒரு சங்கம் கண்டனர். நம் நாட்டில், தம் மகளுக்கு ஏற்ற பள்ளி கிட்டாத நிலையில், மிது ஆலூர் அம்மையார் 1972இல் பம்பாயில் ஒரு சங்கத்தை நிறுவினார். 1974இல் கல்கத்தாவிலும் அத்தகைய சங்கம் தோன்றியது. சென்னைக்கு 1981இல் தரமணியில் ஒரு சங்கம் வாய்த்தது. 1985இல் பூனம் நடராசன் அம்மையார் தொடங்கிய மற்றொன்று, பின்னர் ‘வித்யாசாகர்’ என்னும் பெயர் பெற்றது. இவையெல்லாம் பெரும்பணிகள். பள்ளியின் வாயிற்படியை மிதிக்க முடியாதிருந்த குழந்தைகளைப் பாடம் படிக்க வைத்தவை இவையே. முதலில் எழுந்த தேவை கல்வியாதலால், முதற்கவனமும் குழந்தையின் மீதே நின்றது. அதனைக் குறை கூறுவதற்கில்லை.

இதே காலத்தில், வேறொரு துறையில் வேறொரு வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. அது இதயத்தைப் பற்றியது. பிரான்சு நாட்டு மார்சேல் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947இல் ஒரு கருத்தை வெளியிட்டார். உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்பதே அது. தொடையிலும் இடுப்பின் கீழும் சேரும் கொழுப்பைவிட, உடலின் மேற்பகுதியிலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பு நீரிழிவுக்கும் இரத்தக்குழாய் நோய்க்கும் மிகுதியாக வழி செய்யும் என அவர் கண்டார். அடுத்த ஆண்டான 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊரில், நலமுடன் இருக்கும் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, இதயநோய் யாருக்கு, ஏன் வருகிறது எனக் காணும் ஆய்வு தொடங்கிற்று. உயர் இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் இதயத்துக்கு ஊறு செய்யும் என்பதை உலகம் உறுதியாக உணர்ந்ததற்கு அவ்வாய்வு பெரிதும் துணை நின்றது.

மூன்றாவது செய்தி நம் மாணவர்க்குச் சுவை தருவது. இலண்டனில் ஓடிய மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே இருப்பார். நடத்துநர் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு, அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கே இதயநோய் மிகுதி என 1953இல் வெளியிட்டார். பின்னர் 1956இல் அவரும் உடன் உழைத்தோரும் ஒரு புதுமையான ஏட்டைப் புரட்டினர். அது பேருந்துப் பணியாளர்க்குச் சீருடை தைப்பதற்காக எடுத்த அளவுக் குறிப்பு! ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு நடத்துநர்களின் இடுப்பளவைவிடப் பெரியதாக இருந்தது. தையற்காரரின் அளவுநாடா இதயத்தைப் பற்றி ஏதோ கூறுகிறது என்பதை மருத்துவ உலகம் அப்போது கண்டது.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று அறியாமலே நடந்தன. செங்கற்பட்டு மாவட்டத்துப் படூரில் நின்று கிழக்கே நோக்கினால், பக்கிங்காம் கால்வாய் கடலுக்கு இணையாகவே நெடுந்தூரம் செல்வது தெரியும். கடல் அருகிலேயே இருந்தும் கால்வாய் அதைச் சேர்வதில்லை. முட்டுக்காட்டு உப்பங்கழியை அடைந்த பிறகே அந்நீர் கடல்நீரோடு கலக்கிறது. அதுபோலவே, தசையையும் மூளையையும் ஆய்ந்த அறிவு ஒருபுறமும், இதயத்தையும் கொழுப்பையும் ஆய்ந்த அறிவு மறுபுறமுமாக ஓடின. பேருந்தில் எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பவரின் இதயத்தைப் பற்றிக் கவலை கொண்ட மருத்துவம், வாழ்நாள் முழுதும் அமர்ந்தே இருக்க நேர்ந்தவரின் இதயத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணாமைக்கு ஒரு காரணத்தை முன்னரே கண்டோம்; அது குழந்தையின் மீதே நிலைத்த கவனம். மற்றொரு காரணம் எடைக்கருவி. பெல்சிய நாட்டு அறிஞர் கெட்லே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மக்களின் எடையையும் உயரத்தையும் ஆராய்ந்து ஒரு கணக்கு வகுத்தார். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதே அக்கணக்கு. 1972இல் ஆன்செல் கீசும் அவருடன் உழைத்தோரும் அதற்கு உடல் நிறைக் குறியீடு எனப் பெயரிட்டுப் பரப்பினர். எளிய கணக்குத்தான், ஆயினும், அது எடையைக் கூறுமேயன்றி, அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கூறாது. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் இதை அழகாக விளக்கினார். அவருக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினுக்கும் குறியீடு ஒன்றே, இருவர்க்கும் 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலிலோ 21.2 விழுக்காடு. இந்தியர் மெலிந்து தோன்றினும் உள்ளே கொழுப்பு மிகுந்தவராக இருக்கக்கூடும் என்பதற்கு அவர்களின் படமே சான்றாயிற்று.

மூளை முடக்குவாதம் உடையவரிடத்தில் இம்மயக்கம் இன்னும் மிகுதி. அவர்களின் தசை சிறுத்திருக்கும். எலும்பும் அடர்த்தி குறைந்திருக்கும். எடையுள்ள இவ்விரண்டும் குறைந்துவிட்ட இடத்தைக் கொழுப்பு நிரப்பினாலும், எடைக்கருவி ‘சரியான எடை’ என்றே கூறும். தசை நார்களின் இடையிலும் கொழுப்பு புகுவதுண்டு. உயரத்தை அளப்பதிலும் இடர் உண்டு. முதுகெலும்பு வளைந்தவரையும் முழங்கால் மடங்கியவரையும் சுவரோரம் நிற்கவைத்து எவ்வாறு அளப்பது? உயரம் பிழையானால் குறியீடும் பிழையாகும். அதனால்தான் முழங்காலளவையோ முன்கை எலும்பின் நீளத்தையோ கொண்டு உயரத்தை மதிப்பிடும் முறைகள் தோன்றின.

இங்கு வாழ்க்கையின் போக்கையும் கருத வேண்டும். மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகள் பலர் மெல்லவும் விழுங்கவும் இடர்ப்படுவர். இளமையில் அவர்கள் மெலிந்திருப்பதே பெற்றோரின் கவலை. வளர்ந்தபின் நிலை மாறுகிறது. பள்ளியுடன் உடற்பயிற்சி மருத்துவமும் பலர்க்கு நின்றுபோகிறது. மூட்டுவலியும் சோர்வும் வருகின்றன. இளமையில் நடந்தவர் சிலர் முப்பது நாற்பது வயதிலேயே நடப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். செலவாகும் ஆற்றல் குறைய, வயிற்றினுள் குடலையும் ஈரலையும் சூழ்ந்து கொழுப்பு சேர்கிறது. அக்கொழுப்பு வாளா இருப்பதன்று. அது இரத்தத்தில் கொழுப்புப் பொருள்களைக் கூட்டும். இன்சுலின் செயலைத் தடுக்கும். இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். இதயம் பழுதுறுவதற்கு இவையே வழி.

பயிற்சி அளித்துத் தசையை வலுவாக்கலாமே எனின், அதற்கும் நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. விறைத்த தசைக்கு வலுப்பயிற்சி அளித்தால் விறைப்பு மேலும் மிகும் என்று மருத்துவர் பலர் அஞ்சினர். அச்சம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் அது பல்லாண்டுகள் பயிற்சியைத் தடுத்து நின்றது. 1990களில் அமெரிக்க ஆய்வாளர் டயான் டாமியானோவும் பிறரும் முறையாகச் சோதித்தபோது, வலுப்பயிற்சியால் தசை வலிமை பெற்றது. அஞ்சிய தீங்கு நேரவில்லை. ஆராயாத அச்சத்தை அளந்தறிந்த உண்மை நீக்கியதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

அதன்பின் சான்றுகள் திரண்டன. கலிபோர்னியா மாநிலத்தில் மூளை முடக்குவாதம் உடையோரின் இறப்புக் காரணங்களை ஆய்ந்து 1999இல் வெளிவந்த கட்டுரை, இதயமும் இரத்தக்குழாயும் சார்ந்த நோய்களால் அவர்கள் பிறரினும் மிகுதியாக இறக்கின்றனர் எனக் காட்டியது. அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் ஜெனிபர் ரயனும் உடன் உழைத்தோரும் வயது வந்தவர்களை ஆராய்ந்து 2014இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இதயத்துக்கு அபாயம் தரும் குறிகள் பலவற்றை இடுப்பின் சுற்றளவு சுட்டிக் காட்டியது. உடல் நிறைக் குறியீடு அந்த அளவுக்குச் சுட்டவில்லை. இலண்டன் தையற்காரரின் நாடா மீண்டும் தன் மதிப்பைக் காட்டிற்று!

2015இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மார்க் பீட்டர்சன் முதலானோர் அமெரிக்க நாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து மூளை முடக்குவாதம் உடைய வயது வந்தோர் 1,015 பேரைப் பிறரோடு ஒப்பிட்டனர். வயது வேறுபாட்டைச் சரிசெய்து நோக்கியபோது, உயர் இரத்த அழுத்தம் பிறருள் 22 விழுக்காட்டினர்க்கும் இவர்களுள் 30 விழுக்காட்டினர்க்கும் இருந்தது. நீரிழிவு பிறர்க்கு 6.3 விழுக்காடு, இவர்களுக்கு 9.2. பக்கவாதம் பிறர்க்கு 2.3 விழுக்காடு, இவர்களுக்கு 4.6, அதாவது இருமடங்கு. மூளையிலும் காலிலும் மட்டுமே நோயைக் கண்டிருந்த நெடிய வரலாற்றில் இதயமும் இவ்வாறு இடம்பெற்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இவற்றைக் கேட்டு, ‘இவர்கள் குறைவாக உண்ண வேண்டும்’ என்று முடிவு கட்டிவிடலாகாது. விழுங்க இடர்ப்பட்டு, வேண்டிய உணவு பெறாது மெலிபவர் இவர்களிடையே இன்றும் உள்ளனர். கொழுப்பு சேர்வது அவர்களின் சோம்பலாலும் அன்று. படூரைச் சூழ்ந்த பழைய மாமல்லபுரம் சாலையில் இன்று கணினி அலுவலகங்கள் நிறைந்துள்ளன. அங்கே நாள் முழுதும் அமர்ந்து உழைப்பவரிடம் ‘எழுந்து நடங்கள்’ என்று மருத்துவர் கூறுவார். அவர் நடக்கவும் இயலும். சக்கர நாற்காலியில் இருப்பவரோ சாய்தளம் இல்லாத வாயிலைக் கண்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறார். மருத்துவமனைக்கு வந்தாலும், நின்றால்தான் எடை காட்டும் கருவியும் ஏற முடியாத உயரமான படுக்கையும் அவரை வரவேற்கின்றன. அளக்க வழியில்லாததால் அளக்காமலே அனுப்பப்படுகிறார். அவருடைய வலிப்புக்கும் விறைப்புக்கும் மருந்து எழுதப்படுகிறது. இரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கப்படாமலே போகிறது.

இந்நிலையை மாற்றுவதற்கு நம் நாட்டில் சட்டத்தின் துணை உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசியபோது மூளை முடக்குவாதத்தையும் குறிப்பிட்டது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், மருத்துவமனைகள் தடையின்றி நுழையத்தக்கனவாக இருத்தல் வேண்டும் எனவும், சிகிச்சையில் அவர்களுக்கு முன்னுரிமை தருதல் வேண்டும் எனவும் விதித்தது. படூருக்குக் கிழக்கே, கழிக்கு அப்பால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005இல் அமைந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடு தேடிச் சென்று கவனிக்க வகை செய்தது. மருத்துவமனை வாயிலைத் தாண்ட இயலாதவரின் வாயிலுக்கே மருத்துவம் செல்லும் இத்தகைய ஏற்பாடு, நாம் பேசிவரும் மக்களுக்கே முதற்கண் பயன்பட வேண்டியது. வீட்டுக்கு வரும் பணியாளர் தாய் தந்தையரின் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளறையில் இருக்கும் மகனையோ மகளையோ பாராமல் திரும்பினால் அப்பயன் நிறைவேறாது.

செய்யத்தக்கவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். நிற்க இயலாதவரைப் படுத்த நிலையில் அளக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே நிலையில் அளந்து குறித்துவைப்பது முக்கியம். இந்திய ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றைத் தாண்டினால் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றை மருத்துவர் ஆராய வேண்டும். தாண்டாவிடினும் வயது வந்தோர் அனைவர்க்கும் உரிய சோதனைகள் இவர்களுக்கும் உரியனவே. இயன்ற உறுப்பை இயன்ற அளவு அசைத்தலும், நெடுநேரம் ஒரே நிலையில் அமர்வதை இடையிடையே விடுத்தலும், பயிற்சியாளரின் துணையோடு தசையை வலுவாக்குதலும் நன்மை தருவன. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க நெறிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதன்முறையாகத் தனியே இடம் அளித்தது. சிறிதளவு இயக்கமும் இயக்கமின்மையினும் நன்று என்பதே அந்நெறிகளின் சாரம்.

மாணவர்களே! உங்களிற் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் கட்டடம் அமைக்கும் பொறியாளராகலாம். சிலர் ஊராட்சியில் பொறுப்பேற்கலாம். உங்கள் வகுப்பிலேயே மூளை முடக்குவாதம் உடைய தோழரோ தோழியோ இருத்தலும் கூடும். அவர்கள் குழந்தைகளாகவே இருந்துவிடப் போவதில்லை. பணி செய்து, இல்லறம் நடத்தி, முதுமை எய்தும் உரிமை அவர்களுக்கும் உண்டு. லிட்டில் காலத்திலிருந்து மருத்துவம் அவர்களின் நடையைத் திருத்த அரும்பாடு பட்டது. அந்நடை எத்தகையதாயினும் அவர்கள் நெடுங்காலம் வாழ வேண்டுமாயின், இதயத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும். ஓர் அளவுநாடாவும், அழுத்தம் பார்க்கும் கருவியும், ‘இவரையும் பார்க்க வேண்டும்’ என்னும் நினைவுமே அதற்குப் போதும். முன்னிரண்டும் எளிதில் கிடைப்பவை. மூன்றாவதைத் தர வேண்டியவர்கள் நீங்கள்.